யாருக்குப் பாஸ்கீ, யாருக்கு ஆப், ஸ்கேனருக்கு என்ன? கம்பெனி மெயிலைப் பூட்டும் வழிகள்: ஓர் ஒப்பீடு

திருப்பூரில் நான் கம்ப்யூட்டர், மெயில் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மொத்தம் 18 மெயில் கணக்குகள். முதலாளிக்கு ஒன்று, அவர் மகனுக்கு ஒன்று, மெர்ச்சண்டைசர்கள் ஆறு பேர், டாக்குமென்டேஷன், அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ் என்று போகும். ஒரு நாள் காலை ஐரோப்பாவில் இருக்கும் பையர் கம்பெனியின் ஆள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "உங்கள் வங்கிக் கணக்கு ஏன் மாறியிருக்கிறது? நிஜமாகவே புதுக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டுமா?" என்று கேட்டார். இங்கே யாரும் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை. ஆனால் அவருக்கு வந்த மெயில் எங்கள் அக்கவுண்ட்ஸ் முகவரியிலிருந்துதான் போயிருந்தது. போலி முகவரி கிடையாது. எங்கள் மெயில்பாக்ஸே அனுப்பியது.

உள்ளே போய்ப் பார்த்தபோது ஒரு ரூல் போட்டு வைத்திருந்தார்கள். அந்த பையரிடமிருந்து வரும் மெயில் எதுவும் இன்பாக்ஸுக்கு வராமல், யாரும் திறந்தே பார்க்காத ஒரு ஃபோல்டருக்குப் போய்ப் படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். பல நாட்களாக யாரோ உட்கார்ந்து எங்கள் இன்வாய்ஸ்களைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வாட்ஸ்அப் அழைப்பு வந்ததால் பணம் தப்பியது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. இந்த வகை மெயில் மோசடியில் 2023-இல் மட்டும், அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்களின்படி, இழந்த தொகை 290 கோடி டாலருக்கு மேல்.

அந்த அக்கவுண்ட்ஸ் மெயிலின் பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியுமுங்க தம்பி. நான் லீவு போட்டா யாராவது பார்க்கணுமில்லீங்களா" என்றார் அங்கே வேலை பார்க்கும் அக்கா. அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் அமைத்துக் கொடுத்த ஏற்பாடு அவரை அப்படித்தான் செய்ய வைத்தது.

அந்த வாரம் முழுக்க, எதை வைத்துப் பூட்டலாம் என்று ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்த்தோம். அப்போது எனக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்த முறை சிறந்தது?" என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும். "இந்த மெயில்பாக்ஸை யார் யார் திறக்கிறார்கள், எந்தெந்த மெஷின் திறக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதத்தான் இரண்டு நாள் பிடித்தது. முடிவு அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

பழைய வழியும் புதிய வழியும்

பழைய முறையில் அவுட்லுக்கோ போனில் இருக்கும் மெயில் ஆப்போ உங்கள் பாஸ்வேர்டை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மெயில் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அதையே சர்வரிடம் நீட்டும். மெயிலை எடுக்கும் ஐமேப், பாப், மெயிலை அனுப்பும் எஸ்எம்டிபி ஆகிய மூன்று வழிகளும் காலகாலமாக இப்படித்தான் ஓடின. இந்த வழியில் இரண்டாவது சரிபார்ப்புக்கு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி போல இன்னொன்றைக் கேட்பதற்கு, இடமே கிடையாது. நீங்கள் பிரவுசரில் ஓடிபி போட்டு நுழையும்படி வைத்திருந்தாலும், பாஸ்வேர்ட் கையில் கிடைத்தவன் ஐமேப் வழியாக ஓடிபியே இல்லாமல் உள்ளே போய்விடுவான். முன்வாசலில் பூட்டு, கொல்லைக்கதவு திறந்தபடி.

புதிய முறை ஓஆத் 2.0 என்ற நெறிமுறையில் நிற்கிறது. 2012-இல் ஆர்எஃப்சி 6749 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. இதில் ஆப் உங்கள் பாஸ்வேர்டைத் தொடுவதே இல்லை. கூகுளோ மைக்ரோசாஃப்ட்டோ தன் சொந்தப் பக்கத்தைத் திறந்து உங்களிடம் பாஸ்வேர்டும் இரண்டாவது சரிபார்ப்பும் கேட்கும். முடிந்ததும் ஆப்புக்கு ஒரு டோக்கனைக் கொடுக்கும். நம் கம்பெனிகளில் வெளியாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் கேட் பாஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்தப் பிரிவுக்கு, எவ்வளவு நேரம் என்று அதில் இருக்கும். சாவிக்கொத்து கைமாறுவதில்லை. இந்த டோக்கன் பொதுவாக ஒரு மணி நேரம் போலத்தான் செல்லும். அப்புறம் ஆப் பின்னணியில் புதியதை வாங்கிக்கொள்ளும். போன் தொலைந்தால் நிர்வாகி அந்தப் பாஸைக் கிழித்துப்போட்டால் போதும்.

இதில் 'பழையதே இருக்கட்டும்' என்ற தேர்வு பெரும்பாலும் நம் கையில் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவன மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் பாஸ்வேர்ட் வழியை 2022 அக்டோபர் 1 முதல் மூடத் தொடங்கியது. கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதத்திலும், நிறுவனக் கணக்குகளுக்கு 2025 மே மாதத்திலும் மூடியது. மைக்ரோசாஃப்ட் பக்கம் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அதை மூடும் தேதியைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறது. அந்த விலக்கை நம்பி எதையும் புதிதாகக் கட்ட வேண்டாம்.

அலுவலகத்தில் எந்த அவுட்லுக் ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அவுட்லுக் 2010-க்கு இந்தப் புதிய முறை தெரியவே தெரியாது. அவுட்லுக் 2013-இல் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலில்) கை வைத்தால்தான் வேலை செய்யும். 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பணம் போட்டுப் புது ஆஃபீஸ் வாங்க மனமில்லையென்றால் தண்டர்பேர்ட் போதும். அது இலவசம், ஓஆத் நன்றாகப் பேசும். எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் இப்போது அதுதான்.

இரண்டாவது சரிபார்ப்பு: நான்கு வழிகள்

எஸ்எம்எஸ் ஓடிபியை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிம் ஸ்வாப் செய்து எண்ணையே எடுத்துக்கொள்ளும் மோசடி நம் நாட்டில் புதிதல்ல. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் தன் 2017 வழிகாட்டுதலிலேயே தொலைபேசி வழியாக வரும் குறியீட்டைக் கட்டுப்பாட்டுக்கு உரிய வகையில் வைத்தது. ஏற்றுமதிக்காரர்களுக்கு இன்னொரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. முதலாளி கண்காட்சிக்காக வெளிநாடு போவார். ரோமிங் போட்டிருக்க மாட்டார். ஓடிபி வராது. உடனே "தம்பி, அந்த ஓடிபியைக் கொஞ்சம் எடுத்து விடு" என்று போன் வரும். அப்புறம் கம்பெனி சிம்மை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

அடுத்து ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6238 முறை. சர்வரும் போனும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு, நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 வினாடிக்கு ஒரு புது எண்ணை உருவாக்கும். நெட்வொர்க் தேவையில்லை, விமானத்திலும் வேலை செய்யும், செலவும் இல்லை. சாதாரணப் பாஸ்வேர்ட் திருட்டுக்கு இது நல்ல தடுப்புத்தான். மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்ன கணக்குப்படி, இரண்டாவது சரிபார்ப்பு ஏதாவது ஒன்று இருந்தாலே கணக்குக் கைப்பற்றும் தாக்குதல்களில் 99.9 சதவீதம் நின்றுவிடும்.

மீதியில்தான் ஏற்றுமதிக்காரர் மாட்டுகிறார். ஏனென்றால் அவருடைய ஒரு இன்வாய்ஸுக்காக மெனக்கெட ஆள் இருக்கிறது. இடையில் நிற்கும் போலிப் பக்கம் என்று ஒரு வகை ஃபிஷிங் உண்டு. நீங்கள் பார்ப்பது அசல் உள்நுழைவுப் பக்கம் மாதிரியே இருக்கும். நீங்கள் போடும் பாஸ்வேர்டை அது அதே நொடியில் அசல் தளத்துக்குக் கொடுக்கும். அங்கே கேட்கும் ஆறு இலக்க எண்ணை உங்களிடம் கேட்கும். நீங்கள் போட்டதும் அதையும் கடத்தும். கடைசியில் 'இவர் நுழைந்துவிட்டார்' என்பதற்கு அடையாளமாக அசல் தளம் தரும் குக்கியை எடுத்து வைத்துக்கொள்ளும். 30 வினாடி என்பது இந்த வேலைக்குத் தாராளமான நேரம். இப்படி 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் குறிவைத்த ஒரு தாக்குதலை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் வெளியிட்டது. "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் இதற்கு உதவாது. இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மெயில் திறக்கும் பக்கம் என்று நினைத்து அவரே டைப் செய்கிறார்.

மூன்றாவது, போனில் 'ஆம், நான்தான்' என்று தட்டும் அறிவிப்பு. வசதியில் இதுதான் முதலிடம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அறிவிப்பு மேல் அறிவிப்பாக அனுப்பி, தொல்லை தாங்காமல் ஒரு முறை தட்ட வைத்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் புகுந்தது இப்படித்தான். அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் தன் ஆத்தென்டிகேட்டரில், திரையில் தெரியும் எண்ணைப் போனில் டைப் செய்தால்தான் ஏற்கும்படி 2023 மே மாதம் கட்டாயமாக்கியது. அந்தத் தொல்லை குறைந்தது. போலிப் பக்கத்துக்கு இதுவும் தடையில்லை. போலிப் பக்கமே அந்த எண்ணைக் காட்டிவிடும்.

நான்காவதாகப் பாஸ்கீயும் செக்யூரிட்டி கீயும். பாஸ்கீ போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும், செக்யூரிட்டி கீ தனி யூஎஸ்பி சாவி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, ஃபைடோ2 என்ற பொதுத் தரம். கணக்கைப் பதியும்போது உங்கள் போனோ, கம்ப்யூட்டரோ, யூஎஸ்பி சாவியோ ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கும். ஒன்று வெளியே சர்வருக்குப் போகும், இன்னொன்று சர்வருக்குப் போகவே போகாது, உங்களிடமே இருக்கும். உள்நுழையும்போது சர்வர் அனுப்பும் ஒரு சவாலுக்குக் கருவி கையெழுத்துப் போட்டு அனுப்பும். இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்து எந்தத் தள முகவரிக்காக என்பதை மனிதர் பார்ப்பதில்லை, பிரவுசர் பார்க்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கருவி வாயே திறக்காது. வேலை நெருக்கடியில், ஷிப்மெண்ட் போகும் நாளில், முகவரியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பொறுப்பை அக்கவுண்ட்ஸ் அக்காவின் தோளிலிருந்து இது இறக்கி வைக்கிறது.

இது வெறும் கோட்பாடு என்று நினைக்க வேண்டாம். கூகுள் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017 தொடக்கத்தில் இந்தச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஒருவரின் வேலைக் கணக்குகூட ஃபிஷிங்கில் போனது உறுதியாகவில்லை என்று 2018-இல் சொன்னது. 2022 ஆகஸ்டில் இன்னும் தெளிவான ஒரு சம்பவம். ஒரே ஆட்கள் ட்விலியோ, கிளவுட்ஃபிளேர் இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் போலி எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். ட்விலியோவுக்குள் நுழைந்துவிட்டார்கள். கிளவுட்ஃபிளேரிலும் மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் சாவி இருந்தது, உள்ளே போக முடியவில்லை. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் ஆட்களே ஏமாறும்போது, நம் ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, பாஸ்கீயில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. போனில் இருக்கும் பாஸ்கீயை வைத்துக் கம்ப்யூட்டரில் நுழைய க்யூஆர் கோடைக் காட்டுவார்கள். அதற்குப் போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் புளூடூத் ஓட வேண்டும். நம் அலுவலகங்களில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்களில் பாதிக்குமேல் புளூடூத்தே கிடையாது. இதை முதல் நாள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கே யூஎஸ்பி சாவிதான் வழி. ஒன்று சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆளுக்கு இரண்டு வாங்க வேண்டும். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. 18 பேருக்கும் இரண்டிரண்டு என்றால் முதலாளி முகம் மாறத்தான் செய்யும். அதனால் நாங்கள் எல்லோருக்கும் வாங்கவில்லை. பணம் சம்பந்தப்பட்ட மெயிலைத் தொடும் ஐந்து பேருக்கு மட்டும் யூஎஸ்பி சாவி. நிர்வாகிக் கணக்கும் அதில் சேர்த்தி. மற்றவர்களில் லேப்டாப்போ புதுப் போனோ இருப்பவர்களுக்குப் பாஸ்கீ, மீதிப் பேருக்கு எண் பொருத்தும் ஆப்.

ஊழியரின் சொந்தப் போனில் உருவாகும் பாஸ்கீ அவருடைய சொந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுமே என்று ஒரு மெர்ச்சண்டைசர் கேட்டார். நியாயமான கேள்வி. சேரும். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் சர்வர் பக்கம் இருக்கும் பதிவை நிர்வாகி நீக்கினால், அவரிடம் இருப்பது எந்தக் கதவையும் திறக்காத சாவி. நீக்க மறந்தால்தான் பிரச்சினை. ஆள் விலகும்போது செய்ய வேண்டியவை என்ற காகிதத்தில் ஐடி கார்டுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வைத்தோம்.

பலர் கையாளும் ஒரே மெயில்பாக்ஸ்

எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமாகப் பட்டது இந்தப் பகுதிதான். பாதுகாப்பு பற்றிய பேச்சுகளில் இது அதிகம் வருவதில்லை. நம் ஊர் கம்பெனிகளில் மெயில் ஆளுக்கு இருப்பதில்லை, நாற்காலிக்கு இருக்கிறது. 'மெர்ச் 1', 'டாக்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' என்று முகவரி. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே பாஸ்வேர்ட். பையருக்கும் அது வசதி, ஆள் மாறினாலும் முகவரி மாறாது.

இந்த ஏற்பாட்டின் மேல் இரண்டாவது சரிபார்ப்பைப் போட்டால் என்ன ஆகும்? ஓடிபி ஒருவருடைய போனுக்கு வரும். அவர் லீவில் இருந்தால் மற்றவர் கூப்பிட்டுக் கேட்பார். ஒரே வாரத்தில் ஓடிபியை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வழக்கமாகிவிடும். அதற்குப் பதிலாக ஆத்தென்டிகேட்டர் க்யூஆர் கோடைப் படம் எடுத்து நாலு பேர் போனில் ஏற்றிக்கொள்வார்கள். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். பூட்டு இருக்கும், சாவி ஊர் முழுக்க இருக்கும்.

இதற்கு வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் 365-இல் ஷேர்ட் மெயில்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு யாரும் நேரடியாக நுழைவதே கிடையாது, உள்நுழைவை முடக்கிவிட வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்ள கணக்கில் நுழைவார். அக்கவுண்ட்ஸ் மெயில்பாக்ஸ் அவருடைய அவுட்லுக்கில் தானாகக் கீழே வந்து நிற்கும். பதில் அனுப்பினால் அக்கவுண்ட்ஸ் முகவரியிலிருந்தே போகும். கூகுளில் இதே வேலையை மெயில்பாக்ஸ் டெலிகேஷன் (ஒருவர் மெயில்பாக்ஸை இன்னொருவர் தன் கணக்கிலிருந்தே திறக்க அனுமதிப்பது) வழியாகவோ குரூப்ஸின் கூட்டு இன்பாக்ஸ் வழியாகவோ செய்யலாம். நேரில் பயன்படுத்திப் பார்த்ததில், பத்து வருடம் அவுட்லுக்கிலேயே பழகியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு சுலபமாக ஒட்டுகிறது. பிரவுசரிலேயே மெயில் பார்ப்பவர்களுக்கு கூகுளின் டெலிகேஷன் தொல்லை தருவதில்லை.

அந்த அக்காவிடம் இதைக் காட்டினேன். "அப்போ நான் லீவு போட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதில்லீங்களா?" என்று கேட்டார். வேண்டியதில்லை. அன்றிலிருந்து யார் எந்த மெயிலை அனுப்பினார் என்பதும் பதிவில் இருக்கிறது. ஏதாவது நடந்தால் ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இந்த ஒரு மாற்றம் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த சாவி வாங்கினாலும் அந்தப் பணம் வீண் என்பது என் கருத்து. பணம் குறைவாக இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், சாவியை அடுத்த மாதம் வாங்கலாம்.

மெஷின்கள் அனுப்பும் மெயில்

ஸ்கேனர் பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பும். கணக்கு மென்பொருள் இன்வாய்ஸை அனுப்பும். வருகைப் பதிவு மெஷின் மாலையில் ரிப்போர்ட் அனுப்பும். இவற்றுக்குப் பாஸ்கீயும் தெரியாது, பல கருவிகளுக்கு ஓஆத்தும் தெரியாது.

கூகுளில் இதற்கு ஆப் பாஸ்வேர்ட் என்ற வழி இன்னும் இருக்கிறது. இரண்டாவது சரிபார்ப்பு போட்ட கணக்கில் 16 எழுத்துள்ள தனிப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி மெஷினில் போடலாம். வேலை நடக்கும். ஆனால் அது பழைய முறையேதான். அந்த 16 எழுத்துக் கிடைத்தவர் ஓடிபி இல்லாமல் முழு மெயில்பாக்ஸையும் ஐமேப்பில் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே முதலாளி கணக்கிலோ அக்கவுண்ட்ஸ் கணக்கிலோ ஆப் பாஸ்வேர்டை எந்தக் காரணத்துக்கும் உருவாக்காதீர்கள். 'ஸ்கேன்' என்று ஒரு காலிக் கணக்கைத் திறந்து அதில் உருவாக்குங்கள். திருடு போனாலும் உள்ளே எடுக்க ஒன்றும் இருக்காது. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓர் இடத்தில் மாத முதல் வாரத்தில் ஸ்கேனர் திடீரென்று நின்றுபோனதற்கு இதுதான் காரணமாக இருந்தது.

மெஷின்களின் மெயிலை வாங்கி அனுப்பிவிடும் கூகுளின் எஸ்எம்டிபி ரிலே இதைவிட நல்லது. அலுவலக இன்டர்நெட்டுக்கு மாறாத ஐபி முகவரி இருந்தால், அந்த முகவரியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கச் சொல்லலாம், பாஸ்வேர்டே வேண்டாம். மாறாத ஐபிக்கு மாதம் கொஞ்சம் கூடுதல் கட்டணம் ஆகும். மைக்ரோசாஃப்ட் பக்கம் செக்யூரிட்டி டீஃபால்ட்ஸ் என்ற பாதுகாப்பு சுவிட்சைப் போட்டிருந்தால் எஸ்எம்டிபி பாஸ்வேர்ட் வழி மூடியே இருக்கும். அங்கேயும் ஐபி அடிப்படையிலான கனெக்டர் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஸ்கேனருக்கு வேறு முடிவு எடுத்தோம். மெயிலே அனுப்ப வேண்டாம், நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டுவிடு என்று மாற்றினோம். யாரும் குறை சொல்லவில்லை.

எந்த நிறுவனத்தின் மெயில்

ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயிலில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். வெப்சைட்டுக்கு வாங்கிய இடத்திலேயே மெயிலும் வந்துவிடும், செலவில்லை. அந்த மெயில் பெரும்பாலும் பாஸ்வேர்டோடு மட்டும் ஐமேப்பில் ஓடும், ஓஆத் இருக்காது. மேலே சொன்ன எதையும் அதில் முழுமையாகச் செய்ய முடியாது. இன்வாய்ஸும் வங்கி விவரமும் போகும் தொழிலுக்கு அது போதாது. மாறித்தான் ஆக வேண்டும்.

கூகுளின் நிறுவன மெயில் சேவையான ஒர்க்ஸ்பேஸில் எனக்குப் பிடித்தது, மலிவான பிளானிலேயே பிரிவு வாரியாக விதி போட முடிவது. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு செக்யூரிட்டி கீ மட்டும், மற்றவர்களுக்கு எஸ்எம்எஸ், போன் அழைப்பு தவிர எதுவும் என்று பிரித்து வைக்கலாம். உள்நுழைவுப் பதிவும் ஆறு மாதம் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் கதை கொஞ்சம் வேறு. பேசிக், ஸ்டாண்டர்ட் பிளான்களில் கிடைப்பது செக்யூரிட்டி டீஃபால்ட்ஸ் என்ற ஒரே சுவிட்ச். போட்டால் எல்லோருக்கும், யாருக்கும் விலக்கு வைக்க முடியாது. பழைய வழிகளை அது மூடிவிடும், அது நல்லது. செக்யூரிட்டி கீயை அந்தப் பிளானிலும் பதியலாம். ஆனால் 'இவர் சாவியால் மட்டும்தான் நுழைய வேண்டும்' என்று கட்டாயப்படுத்த முடியாது. அதற்கு, யார் எப்படி நுழையலாம் என்று விதி போடும் கண்டிஷனல் ஆக்சஸ் வேண்டும், அது பிசினஸ் பிரீமியம் பிளானில் வரும். இந்த வித்தியாசம் விலைப்பட்டியலில் கண்ணில் படாது. சாவி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் இருப்போம். போலிப் பக்கமோ 'வேறு வழியில் நுழையுங்கள்' என்று காட்டி ஆப் எண்ணை வாங்கிக்கொள்ளும். அதனால் பணம் கையாளும் அந்த ஐந்து பேருக்காவது பிரீமியம் எடுக்கச் சொன்னேன். உள்நுழைவுப் பதிவும் அடிப்படை நிலையில் 7 நாள்தான் தெரியும், யார் என்ன செய்தார் என்று குறிக்கும் பர்வியூ தணிக்கைப் பதிவு 180 நாள் நிற்கும். நம் நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. யார் எங்கிருந்து நுழைந்தார் என்று அன்று தேடியபோது இந்தப் பதிவின் அருமை எனக்குப் புரிந்தது.

சென்னையின் ஸோஹோவும் நல்ல தேர்வுதான். இரண்டாவது சரிபார்ப்புக்கான அவர்களுடைய ஒன்ஆத் ஆப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம், விலையும் சிறு நிறுவனத்துக்குத் தாங்கும். இலவசப் பிளானில் ஐந்து பேர் வரை, வெப்மெயில் மட்டும், ஐமேப் கிடையாது. இந்தப் பாதுகாப்பு விஷயத்தில் அதுவே ஒரு வகையில் வசதி. கொல்லைக்கதவே இல்லாத வீடு அது. முதல் மூன்று, நான்கு பேரோடு தொழில் தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்வதுண்டு.

டோக்கனையும் திருடலாம்

ஓஆத் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. 2017 மே மாதம் 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு போலி ஆப் உலகம் முழுக்கப் பரவியது. திறந்த பக்கம் கூகுளின் அசல் அனுமதிப் பக்கம். அதில் 'அனுமதி' என்று தட்டியதும் மெயில்பாக்ஸ் அந்த ஆப்பின் கையில். பாஸ்வேர்ட் போகவில்லை, ஓடிபி போகவில்லை, கேட் பாஸை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். மைக்ரோசாஃப்ட்டே 2023 நவம்பரில் தாக்கப்பட்டபோது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கு வழியாக நுழைந்தவர்கள், அங்கிருந்து ஓஆத் ஆப்களைப் பயன்படுத்தித்தான் உயர் அதிகாரிகளின் மெயில்களை எட்டினார்கள்.

ஊழியர் தானாக எந்த வெளி ஆப்புக்கும் மெயில் அனுமதி கொடுக்க முடியாது, நிர்வாகி ஒப்புக்கொண்டால்தான் என்று அமைத்துவிடுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டிலும் இந்த வசதி உண்டு. எந்தக் கூடுதல் செலவும் இல்லை. கைவிட்ட கணக்குகளையும் அன்றே மூடுங்கள். எங்களிடம் மூன்று வருடத்துக்கு முன் போனவரின் கணக்கு ஒன்று பாஸ்வேர்ட் மட்டும் போட்டு உயிரோடு இருந்தது.

நாங்கள் செய்த வரிசை

முதலில் பட்டியல். அப்புறம் நாற்காலி மெயில்களை ஷேர்ட் மெயில்பாக்ஸ்களாக மாற்றினோம். மெஷின்களைத் தனியே பிரித்தோம். பழைய அவுட்லுக்குகளை மாற்றினோம். அதன் பிறகுதான் இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினோம், அதற்கும் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பதிந்து கொடுத்தோம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்த ஒரு நிறுவனத்தில் திங்கட்கிழமை காலை பாதிப் பேர் வெளியே நின்றார்கள். மதியத்துக்குள் முதலாளி எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அங்கே இன்றும் வெறும் பாஸ்வேர்ட்தான்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய மாற்றத் தேவையில்லை என்று நிஸ்ட் சொல்லிப் பல வருடமாகிறது. மாற்றச் சொன்னால் கடைசியில் இருக்கும் 1 மட்டும் 2 ஆகும்.

வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் மெயிலை நம்பாமல் போனில் பேசி உறுதி செய்ய வேண்டும் என்று பையர்களுக்கு எழுதி அனுப்பினோம். அவர்களுடைய மெயில்பாக்ஸை நாம் பூட்ட முடியாது அல்லவா. ஏதாவது நடந்துவிட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டும் என்பதை அக்கவுண்ட்ஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

நிர்வாகிக் கணக்குகள் இரண்டு. ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். இன்னொன்று அவசரத்துக்கு. நான் இல்லாமல் போனாலும், என் போன் தொலைந்தாலும் கம்பெனி தன் மெயிலைத் திறக்க முடிய வேண்டும். அதற்கான யூஎஸ்பி சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். செக் புத்தகம் வைத்திருக்கும் பீரோவில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, தானே வைத்துப் பூட்டினார்.